கல்யாணக் கேசட்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு வீடியோக்கள் சிடியான வரலாறு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வீட்டு வீடியோ என்றால் அது பெரும்பாலும் கல்யாணக் கேசட்தான். பூப்புனித நீராட்டு, காதுகுத்து, புதுமனை புகுவிழா, அறுபதாம் கல்யாணம் ஆகியவற்றின் கேசட்டுகளும் பீரோக்களில் உண்டு. ஆனால் முதலிடம் கல்யாணத்துக்கே. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வீட்டு வீடியோவை எடுத்தவர் வீட்டுக்காரர். கேமராவைச் சொந்தமாக வாங்கி, பிள்ளை தவழ்வதையும் கடற்கரையில் ஓடுவதையும் அவரே எடுத்தார். இங்கே வீட்டுக்காரர் கையில் கேமரா இருந்தது அரிது. எடுத்தவர் ஸ்டுடியோக்காரர், வெட்டி ஒட்டியவர் அவர், பாட்டுச் சேர்த்தவர் அவர், பிற்பாடு கேசட்டைச் சிடியாக மாற்றித் தந்தவரும் பெரும்பாலும் அவரே. கேசட்டில் எது பதிந்தது, சிடியில் எது மிஞ்சியது என்ற இரண்டுக்கும் விடை இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர்தான். மதுரை–தென்காசிச் சாலையில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி அமைந்தவை. 1985இல் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்த, இன்று விருதுநகர் என்று பெயர் கொண்ட மாவட்டத்தைச் சேர்ந்தவை. ராஜபாளையம் ஆலை ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்லுக்குப் பிறகு நூற்பாலைகள் பெருகின. பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெசவு வளர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் ஊர்: ஆண்டாள் கோயில், 11 நிலைக் கோபுரம், ஆடிப்பூரத் தேர், பால்கோவா. ஷிப்டு சம்பளம் வாங்கும் ஊரும், விழா நாட்களில் உறவுக்கூட்டம் வந்து நிறையும் ஊரும் இப்படி அடுத்தடுத்து அமைந்தால் கல்யாண வீடியோத் தொழில் வேரூன்ற வேறென்ன வேண்டும்? அழைப்பிதழுக்குச் சிவகாசியும் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

தொழிலின் கரு அரை அங்குல அகலமுள்ள ஒரு காந்த நாடா. ஜப்பானின் சோனி 1975இல் பீட்டாமேக்ஸ் வகையையும், ஜேவிசி 1976இல் விஎச்எஸ் வகையையும் சந்தைக்குக் கொண்டுவந்தன. போட்டியில் விஎச்எஸ் வென்றது. தமிழ்நாட்டின் வீடுகளுக்கு வந்து நிலைத்ததும் அதுதான். மூன்று மணிநேரக் கேசட்டுக்குள் சுமார் 258 மீட்டர் நாடா சுற்றப்பட்டிருக்கும். பாலியஸ்டர் பட்டையின் ஒரு பக்கத்தில் இரும்பு ஆக்சைடுத் துகளைப் பசையில் குழைத்துப் பூசியிருப்பார்கள். கேசட்டை ஓட்டும் கருவியான டெக்குக்குள் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்று நிமிடத்துக்கு 1500 முறை சுழலும். அதன் விளிம்பில் பதிந்த மிகச் சிறிய 'ஹெட்'டுகள் நாடாவில் சாய்வான கோடுகளாகப் படத்தை எழுதும், பிறகு படிக்கும். கோட்டின் அகலம் ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர். ஒரு மயிரிழையைவிட மெலிதான பாதையில் ஹெட் பிசகாமல் ஓடினால்தான் படம். பாதை தப்பினால் திரையில் வெள்ளைப் பட்டை ஓடும்; 'டிராக்கிங்' பொத்தானைத் திருகியாக வேண்டும்.

இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி 1982இல் வந்தது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிதான் தூண்டுகோல். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 முதல் இயங்கினாலும் அதன் அலை தென்கோடிவரை எட்டவில்லை. கொடைக்கானல் மலையில் மறுஒளிபரப்பு நிலையம் வந்த பிறகே தென் மாவட்டங்களில் படம் தெளிந்தது. அதுவரை உயரமான ஆண்டெனாவை நட்டு, காற்றடிக்கும் திசையைப் பார்த்து இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்த வீடுகள் தென் மாவட்டங்களில் பல. அந்த இடைவெளியில்தான் 'டெக்' நுழைந்தது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்த நேஷனல், அகாய், ஃபுனாய் கருவிகள். சென்னை பர்மா பஜாரில் வாங்கியவை. பின்னால் உள்நாட்டு நிறுவனங்கள் விற்றவை. சொந்தமாக வாங்க முடியாதவர்கள் ஒரு ராத்திரிக்கு டிவியும் டெக்கும் மூன்று கேசட்டுமாக வாடகைக்கு எடுத்தார்கள். தெருவில் பாய் விரித்து விடிய விடியப் படம் பார்த்த தலைமுறைக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதன் வேகத்தைக் கண்டு திரையரங்குக்காரர்கள் கலங்கினார்கள். 1984இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் வீடியோவை உள்ளடக்கித் திருத்தப்பட்டது. வீடியோ மூலம் திரைப்படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடும் அதே ஆண்டில் தனிச் சட்டம் இயற்றியது.

சினிமாக் கேசட்டுக்காக வீட்டுக்குள் வந்த டெக்தான் கல்யாணக் கேசட்டுக்கும் இடம் தந்தது. போட்டுப் பார்க்கக் கருவி இல்லாத ஊரில் எடுத்துப் பயனில்லை. கறுப்பு வெள்ளையிலும் பின்னர் கலரிலும் ஆல்பம் போட்டுக்கொண்டிருந்த ஸ்டுடியோக்கள் 1980களின் நடுவில் வீடியோக் கேமராவுக்கும் முதல் போட்டன. கடன் வாங்கித்தான் பலரும் போட்டார்கள். தொடக்கத்தில் கேமரா தனி, பதிவுக் கருவி தனி. ஒருவர் கேமராவைத் தோளில் வைத்திருக்க, இன்னொருவர் கனத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வயரோடு பின்னால் நடப்பார். இரண்டையும் ஒன்றாக்கிய கேம்கார்டர்கள் வந்ததும் பெட்டி தூக்குபவரின் வேலை போயிற்று. பேனசானிக்கின் எம்-7, எம்-3000, எம்-9000 போன்ற தோள் கேமராக்கள் இந்தியக் கல்யாண மண்டபங்களை நீண்ட காலம் ஆண்டன. முழு அளவுக் கேசட் நேராக அதற்குள்ளேயே போகும் என்பது பெரிய வசதி.

அக்காலக் கேமராக்களுக்கு வெளிச்சப் பசி அதிகம். ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கை உயர்த்திப் பிடிக்கவே ஒரு பையன் வருவான். 'லைட் பாய்' என்ற வேலை அப்படிப் பிறந்தது. மணமேடையில் ஓமத்தின் புகையும் சூடும் ஒரு பக்கம், விளக்கின் அனல் மறு பக்கம். முதல் வரிசையில் உட்கார்ந்த பெரியவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பதையும், மணமகளின் நெற்றிக் குங்குமம் வியர்வையில் கரைவதையும் அந்தக் கேசட்டுகளில் இன்றும் பார்க்கலாம். படக்குழாய் கொண்ட மிகப் பழைய கேமராக்களில் இன்னொரு அடையாளம் உண்டு: ஆரத்தித் தட்டைச் சுற்றும்போது சுடர் ஒரு வால்நட்சத்திரம் போல ஒளிவாலை இழுத்துக்கொண்டு போகும். குழாய்க்குள் பட்ட கடும் ஒளி உடனே அணையாமல் தங்குவதால் வரும் குறை அது. 1980களின் பிற்பகுதியில் சிசிடி சில்லு கொண்ட கேமராக்கள் வந்ததும் வால் மறைந்தது. அவற்றில் பளிச்சென்ற விளக்கின் மேலும் கீழும் செங்குத்தாக ஒரு வெள்ளைக்கோடு விழும். உறையில் தேதி எழுதாத கேசட்டின் காலத்தை ஊகிக்க இந்தத் தழும்புகளே போதும்.

எடுத்ததை அப்படியே கொடுப்பது வழக்கமில்லை. 'மிக்சிங்' போட வேண்டும். இரண்டு டெக், நடுவில் ஒரு மிக்சர்: பேனசானிக்கின் ஏவிஇ-5, எம்எக்ஸ்-12 போன்றவை. ஒரு டெக்கில் ஓடும் காட்சி மற்றதில் பதியும். இடையில் மிக்சர் படத்தை இதயமாக்கும், பூவாக்கும், பக்கம் புரட்டும், நான்காகப் பிரிக்கும். முகப்பில் அழைப்பிதழும் சாமி படமும் வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டுடியோவுக்குக் கோபுரம் கையெட்டும் தூரத்திலேயே கிடைத்த முகப்புக் காட்சி. பிறகு பெயர்கள், தாலி கட்டு, வரிசையாக மொய், பந்தி, மாலையில் வரவேற்பு. பந்தியில் இலைக்கு இலை கேமரா நகரும். வாயில் சோற்றுடன் நிமிர்ந்து பார்க்கும் முகங்களின் ஊர்வலம் ஒவ்வொரு கேசட்டிலும் இருபது நிமிடமாவது வரும். அதைக் கேலி செய்வது எளிது. ஆனால் வந்தவர்கள் அனைவரையும் கொண்ட வருகைப் பதிவேடு அதைவிட வேறில்லை. ஒருவரும் விடுபடக் கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட உத்தரவு. விடுபட்டால் சண்டை ஸ்டுடியோவுக்கு வரும்.

மிக்சிங்கின் பெரிய இழப்பு ஒலியில். காட்சிக்கு மேல் சினிமாப் பாட்டு ஏறும்; பெரும்பாலும் இளையராஜா, 1990களில் ரகுமானும் சேர்ந்தார். பாட்டு ஏறிய இடமெல்லாம் மண்டபத்தின் அசல் ஒலி போயிற்று. கெட்டிமேளத்துக்கு மட்டும் பழைய ஒலியைத் திறந்துவிட்டுப் பிறகு மூடிவிடுவார்கள். முப்பது ஆண்டு கழித்துக் கேசட்டைச் சிடியாக்கக் கொண்டுவருபவர் தேடுவது தாத்தா நடந்துவரும் காட்சியை மட்டுமல்ல, அவர் குரலையும். அவர் வாயசைகிறது, பாட்டுக் கேட்கிறது. எந்தக் கருவியாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது. எஞ்சிய ஒலிக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது: சாதாரண விஎச்எஸ் கருவியில் ஒலி நாடாவின் மேல் விளிம்பில் ஒரு மெல்லிய கீற்றாக, விநாடிக்கு 2.34 சென்டிமீட்டர் வேகத்தில் பதிந்தது. பாட்டுக் கேட்கும் ஆடியோ கேசட் ஓடும் வேகம் 4.76. பாதி வேகத்தில் பதிந்த நாதஸ்வரம் எப்படி ஒலிக்குமோ அப்படித்தான் ஒலித்தது: மூடிய அறைக்குள்ளிருந்து வருவதைப் போல.

படமும் தேய்ந்தது. கேமராவில் பதிந்த நாடா முதல் தலைமுறை. மிக்சிங் முடிந்த 'மாஸ்டர்' இரண்டாவது. அதிலிருந்து பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று காப்பி போட்டால் அது மூன்றாவது. விஎச்எஸ் தாங்கும் நுணுக்கமே ஏறக்குறைய 240 கோடுகள்தான். ஒவ்வொரு காப்பியிலும் நிறம் கொஞ்சம் வழிந்து பக்கத்துக்குப் போகும், பட்டுச்சேலையின் சிவப்பு எல்லை தாண்டி மாப்பிள்ளையின் வேட்டியில் ஒட்டும். பெங்களூரில் இருக்கும் மாமாவுக்கு வீட்டிலேயே இரண்டு டெக்கை இணைத்துக் காப்பி போட்டால் நான்காவது. கேமரா நாடா முழு விலை கொடுத்து வாங்கியது. அதன் மேலேயே அடுத்த முகூர்த்தத்தை எடுப்பது தொழிலின் சிக்கனம். ஆகவே ஒரு வீட்டின் பீரோவில் இருப்பது அந்தக் கல்யாணத்தின் நல்ல பதிவு அல்ல, மிஞ்சிய பதிவு.

வெளிநாட்டுக்குப் போன கேசட்டுக்கு வேறு தொல்லை. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் 625 வரி, விநாடிக்கு 25 படம் கொண்ட பால் முறையைச் சேர்ந்தவை. அமெரிக்காவும் கனடாவும் 525 வரி, விநாடிக்கு ஏறக்குறைய 30 படம் கொண்ட என்டிஎஸ்சி. பால் முறையில் பதிந்த ராஜபாளையம் கேசட்டை நியூஜெர்சி வீட்டுச் சாதாரண டெக்கில் போட்டால் ஓடாது. மல்டி சிஸ்டம் டெக் வைத்திருந்த ஸ்டுடியோ அதற்கொரு தனிக் கட்டணம் வாங்கியது. கேசட்டை அனுப்பியவருக்கு இது தெரியாமல், பேரன் முகத்தைப் பார்த்தாயா என்று தொலைபேசியில் கேட்டு ஏமாந்தது பல வீட்டுக் கதை.

தொழிலுக்கு ஒரு பருவம் உண்டு. தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் ஒரே நாளில் மூன்று மண்டபங்களுக்கு ஆள் தேவைப்படும். மார்கழியிலும் ஆடியிலும் கேமரா உறையில் தூங்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடி தூங்காது. ஆடிப்பூரத் தேரோட்டத்தை மாடியிலிருந்தும் ரதவீதித் திருப்பத்திலிருந்தும் எடுத்து, கேபிள்காரரிடம் கொடுத்து ஊர் முழுக்கக் காட்டினார்கள். பங்குனியில் ஆண்டாள் திருக்கல்யாணமும், பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழியும் வரும். பூக்குழி இறங்கும் குடும்பத்தார் தங்கள் வீட்டு ஆள் இறங்கும் அந்தச் சில விநாடிகளுக்காகவே கேசட் கேட்டு வாங்கினார்கள். கல்யாணக் கேசட் ஒரு வீட்டுக்குச் சொந்தம், விழாக் கேசட் ஊருக்குச் சொந்தம். ஆனால் ஊருக்குச் சொந்தமானதைப் பத்திரப்படுத்துவது யார் பொறுப்பு என்பது தெளிவாக இல்லை. கேபிள் அறைகளின் மூலையில் கிடந்த கேசட்டுகளின் கதி எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாடகை டெக்கின் காலத்தை முடித்தது கேபிள்தான். 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி தொடங்கிய பிறகு, சினிமாக் கேசட்டுக்கான தேவை சில ஆண்டுகளில் வற்றியது. வீடியோக் கடைகள் செல்போன் ரீசார்ஜ் கடைகளாகவும் ஜெராக்ஸ் கடைகளாகவும் மாறின. கல்யாணத்துக்கு மட்டும் கேசட் நிலைத்தது. கேமரா பக்கத்தில் 1995இல் வந்த மினிடிவி நாடா ஒரு திருப்பம். கால் அங்குல அகலம், உள்ளங்கைக்குள் அடங்கும் கேசட், ஆனால் அதில் பதிவது எண்கள். காப்பி எடுத்தால் தேயாது. சோனியின் பிடி-170, பேனசானிக்கின் எம்டி-10000 போன்றவை மண்டபங்களுக்கு வந்தன. மிக்சர் பெட்டியின் இடத்தைக் கணினியும் கேனோபஸ், பினக்கிள் அட்டைகளும் எடுத்துக்கொண்டன. கேனோபஸ் உருவாக்கிய எடியஸ் மென்பொருள் தமிழ்நாட்டுக் கல்யாண எடிட்டர்களின் தாய்மொழி போலவே ஆயிற்று. எடுப்பது புது முறை, கொடுப்பது இன்னும் பழைய கேசட் என்ற விசித்திர இடைக்காலம் ஒன்று நடந்தது. வீட்டில் டெக்தானே இருந்தது.

வீட்டுப் பக்கம் மாறியது விசிடி வந்தபோது. 1993இல் தரம் வகுக்கப்பட்ட இந்தத் தகடு அமெரிக்காவில் எடுபடவில்லை. ஆசியாவில், குறிப்பாகச் சீனாவிலும் இந்தியாவிலும், பெருவெற்றி. காலி சிடி மலிந்தது, சீனத்துப் பிளேயர் மலிந்தது. அப்போதுதான் ஸ்டுடியோ வாசல்களில் 'பழைய கேசட்டுகளை சிடியாக மாற்றித் தரப்படும்' என்ற பலகை தொங்கத் தொடங்கியது. இலக்கணம் கொஞ்சம் இடித்தாலும் பொருள் எல்லோருக்கும் விளங்கியது. மூன்று மணிநேரக் கேசட் மூன்று சிடியானது: ஒரு சிடி 74 நிமிடம், அதிகம் போனால் 80. விசிடியின் படம் 352க்கு 288 புள்ளி. கேசட்டின் நுணுக்கத்துக்குக் கிட்டத்தட்ட ஈடு என்று விற்றவர்கள் சொன்னதில் பாதி உண்மை உண்டு. மறுபாதி இது: நாடாவில் விநாடிக்கு 50 அரைப்படங்கள் பதிந்திருக்கும், ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை. விசிடி ஒரு பாதியை எறிந்துவிட்டு 25ஐ மட்டும் வைத்துக்கொள்ளும். கோலாட்டத்தின் கை வீச்சும் தவில்காரரின் விரலும் சிடியில் வெட்டி வெட்டித் தெரிவது அதனால்தான்.

டிவிடி 1996இல் ஜப்பானில் வெளிவந்தது. நம் ஊர்களின் ஸ்டுடியோக்களுக்கு எழுதும் டிவிடி பரவலாக வந்தது 2000களின் நடுவில். 720க்கு 576 புள்ளி, இரண்டு பாதிப் படங்களும் உண்டு, 4.7 ஜிபி கொள்ளளவு. 2006இல் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியதும் அதனோடு இணைக்க ஒரு டிவிடி பிளேயர் வாங்குவது வழக்கமானது. மோசர் பேயர் நிறுவனம் தமிழ்ப் படங்களை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்றதும் அதே காலம். கேசட் வைத்திருப்பவர் நிலை அப்போது கொஞ்சம் நகைப்புக்கு இடமானது: சினிமாவெல்லாம் முப்பது ரூபாய்க்கு, சொந்தக் கல்யாணத்தைப் பார்க்க மட்டும் கருவி இல்லை. டெக் ஓட்டுப் பரணுக்குப் போயிருந்தது.

மாற்றும் வேலை பார்க்க எளிது, செய்ய மெதுவானது. குறுக்குவழி கிடையாது, மூன்று மணி நாடா ஓட மூன்று மணிநேரம் ஆகும். நல்ல கைவினைஞர் கேசட்டை நேரே டெக்கில் போடமாட்டார். முதலில் முன்னுள்ள மூடியைத் தூக்கி நாடாவின் விளிம்பைப் பார்ப்பார். சுருளின் ஓரத்தில் வெள்ளை மாவு தூவியதுபோல் இருந்தால் பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்ட பீரோக்களில் இது வளரும். அந்துருண்டை வாசனை துணியைக் காக்கும், நாடாவைக் காக்காது. பூஞ்சை பிடித்த நாடாவை ஓட்டினால் அது ஹெட்டில் அப்பிக்கொண்டு அடுத்து வரும் பத்துக் கேசட்டுக்கும் பரவும். ஐந்து திருகாணியைக் கழற்றிக் கூட்டைப் பிரித்து, நாடாவைத் தனியே சுத்தம் செய்து, வேறொரு நல்ல கூட்டில் சுருளை மாற்றிப் பூட்டுவார்கள். அறுந்த இடத்தை மெல்லிய ஒட்டுநாடாவால் முதுகுப் பக்கம் மட்டும் ஒட்டுவார்கள். ஒட்டின் விளிம்பு ஹெட்டைத் தொட்டால் ஹெட் உடையும் அபாயம் உண்டு.

அடுத்து கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுவது. இருபது ஆண்டு ஒரே நிலையில் கிடந்த சுருளில் இறுக்கம் ஒரே சீராக இராது. சுற்றி விட்டால் நாடா தளர்ந்து சமநிலைக்கு வரும். உருளையைத் துடைக்க ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய துணியை உருளையின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு உருளையைக் கையால் சுழற்ற வேண்டும். துணியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் பெயர்ந்துவிடும். பழைய டெக்குகள் பல இப்படித்தான் செத்தன. பிறகு மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்கள் வழியாகக் கணினி அட்டைக்குள் படமும் ஒலியும் செல்லும். மினிடிவி நாடாவின் டிவி (DV) வடிவில் பிடித்தால் ஒரு மணிக்கு ஏறக்குறைய 13 ஜிபி. மூன்று மணிக்கு 40ஐ நெருங்கும். 2000களின் தொடக்கத்தில் ஒரு முழு ஹார்ட் டிஸ்கையே ஒரு கல்யாணம் விழுங்கியது. அதை எம்பெக் முறையில் சுருக்கினால்தான் டிவிடிக்குள் அடங்கும். மூன்று மணிநேரத்தையும் ஒரே டிவிடிக்குள் திணித்தால் சுருக்கம் கூடும். ஓமப்புகை சதுரம் சதுரமாக உடையும், மல்லிகைப் பந்தலும் ஜரிகையும் கொதிப்பதுபோல் தெரியும். பழைய நாடாவின் இயல்பான மணற்பொடிச் சலனம் சுருக்கும் மென்பொருளுக்குப் பெரும் பாரம். ஆகையால் சுத்தமான புதுக் கேமராப் படத்தைவிடத் தேய்ந்த நாடாவுக்குத்தான் அதிக இடம் தேவை. இரண்டு டிவிடி போடுங்கள் என்று சொல்லிக் கேட்ட வாடிக்கையாளர்கள் குறைவு.

நாடாவின் ஓட்டத்தில் உண்டாகும் சிறு நடுக்கத்தைக் கணினி பொறுத்துக்கொள்ளாது. டிவி பொறுத்துக்கொள்ளும். அதனால்தான் டெக்கை டிவியில் போட்டால் நன்றாக ஓடிய கேசட், கணினிக்குள் போகும்போது உருவமும் ஒலியும் பிரிந்து, தாலி கட்டி முடிந்த பின் கெட்டிமேளம் கேட்கும் நிலை வரும். இந்த நேரப் பிசகைச் சரிசெய்யும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி ஒளிபரப்பு நிலையங்களில் சாதாரணம். சிறு ஊர் ஸ்டுடியோவில் அரிது. நாடாவின் கீழ் விளிம்பில் பதிந்த கட்டுப்பாட்டுக் கீற்று பூஞ்சையால் சிதைந்திருந்தால் எந்தக் கருவியும் கைகொடுக்காது. படம் தன் தொடக்கப் புள்ளியை இழந்து உருளும்.

சிடிக்கு மாற்றியாயிற்று, இனிக் கவலையில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கேசட்டைக் குப்பையில் போட்ட வீடுகளும் உண்டு. ஆனால் எழுதும் சிடி, டிவிடியின் உள்ளே இருப்பது கரிமச் சாயம். லேசர் அதில் தகவலைச் சுட்டு வைக்கிறது. வெயிலும் வெக்கையும் அந்தச் சாயத்தை மங்கவைக்கும். மணமக்கள் படத்தை அச்சடித்து மேலே ஒட்டிய வட்டத் தாள் அழகாக இருந்தது. வெக்கையில் அது சுருங்கித் தகட்டை வளைத்தது. எழுதி முடித்ததும் இறுதிப் பூட்டுப் போடாமல் கொடுத்த டிவிடி சிலருடைய பிளேயரில் மட்டும் ஓடியது. விலை குறைந்த காலித் தகடுகள் பத்தாண்டு தாங்கவில்லை என்பது பல வீடுகளின் அனுபவம். 1987ஆம் வருடத்துக் கேசட் இன்னும் ஓட, அதிலிருந்து 2006இல் எழுதிய டிவிடி பாதியில் நின்றுவிடுவது இத்தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி காண்பது. கனிமப் படலம் கொண்ட எம்-டிஸ்க் வகை இந்தக் குறையைத் தீர்க்க வந்தது. அது இங்கே பரவவில்லை. மோசர் பேயருக்கே 2018இல் கலைப்பு ஆணை வந்தது. இன்றைய மடிக்கணினியில் தகட்டைப் போடும் வாயே இல்லை.

கருவி இன்னும் பெரிய நெருக்கடி. உலகில் கடைசியாக விஎச்எஸ் கருவி செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்தியது. பீட்டாமேக்ஸ் கேசட் செய்வதைச் சோனி அதே ஆண்டு மார்ச்சில் நிறுத்தியிருந்தது. ரப்பர் பெல்ட் இளகிப் பசையாகிறது, பிஞ்ச் ரோலர் வழுக்குகிறது, ஹெட் தேய்கிறது. மாற்று உதிரி கிடைப்பதற்கு ஒரே வழி, செத்த டெக்கின் உறுப்பைப் பிடுங்குவது. டெக் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் எல்சிடி டிவிக்கும் ஏசிக்கும் போய்விட்டார்கள். மினிடிவிக்கும் இதே கதை, சற்றுக் கூடுதல் வேதனையோடு: அதில் இருப்பது தேயாத எண் பதிவு, ஆனால் அதை வெளியே எடுக்கும் ஃபயர்வயர் துளை புதிய கணினிகளில் இல்லை, ஓட்டும் கேமராவின் ஹெட் தேய்ந்துவிட்டது. யுனெஸ்கோவும் ஒலி, காட்சி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் 2019இல் காந்த நாடா எச்சரிக்கை என்ற திட்டத்தைத் தொடங்கியபோது சொன்னது இதைத்தான்: நாடாக்களை ஓட்டும் கருவிகளுக்கான காலம் ஏறக்குறைய 2025உடன் முடியப்போகிறது. அது பெரிய காப்பகங்களை மனத்தில் வைத்துச் சொன்னது. பீரோவுக்கும் பொருந்தும்.

இன்று கேட்பவர்கள் சிடி கேட்பதில்லை, பென்டிரைவ் கேட்கிறார்கள்; அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பும் வழியில் படம் மீண்டும் ஒருமுறை சுருங்குவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. யூடியூபில் ஏற்றிய சில கல்யாணங்களுக்கு இன்னொரு சோதனை: பாட்டுக்கு உரிமையுள்ள நிறுவனத்தின் கணினி தானே அடையாளம் கண்டு கோரிக்கை வைக்கிறது, சிலவற்றில் ஒலியை அடக்கிவிடுகிறது. அசல் ஒலியை அழித்துவிட்டு ஏறிய பாட்டு, முப்பது ஆண்டு கழித்துத் தானும் அடங்கிப்போகிறது.

தொழிலை அறிந்தவர்கள் இப்போது தரும் வேலை முறை வேறு. மேலும் சுருக்காத டிவி (DV) வடிவக் கோப்பு ஒன்று, பார்ப்பதற்கு எம்பி4 ஒன்று, இரண்டும் இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று அடுத்த வீட்டு உறவினரிடம். டிவிடியிலிருந்து பென்டிரைவுக்கு மாற்றுவதாக இருந்தால் டிவிடியை டிவியில் ஓட்டித் திரும்பப் பதியாமல் அதிலுள்ள விஓபி கோப்புகளை அப்படியே படியெடுப்பது. தகடு படிக்க மறுத்தால் வேறு டிரைவில் முயல்வது, ஒரு டிரைவ் மறுப்பதை இன்னொன்று படிப்பதுண்டு. கேசட்டை மட்டும் எறியக் கூடாது. பின்புறமுள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டால் அதன்மேல் தவறிக்கூடப் பதிவாகாது. முழுதும் சுற்றி, நிற்கவைத்து, ஈரம் ஏறாத இடத்தில் வைக்க வேண்டும். டெக்கின் மின்சுற்றைக் கடந்து போகாமல் ஹெட்டிலிருந்தே நேரடியாகக் குறிப்பலையைப் பிடித்து மென்பொருளால் படமாக்கும் முறையை ஆர்வலர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். மஞ்சள் வயர் வழியாக வந்த படத்தைவிட அது தெளிவாக இருக்கிறது. 2004இல் விசிடியாகக் கிடைத்ததைவிட நல்ல படம் அந்த நாடாவில் இன்னும் இருக்கிறது, நாடா இருந்தால்.